விளையாடுகிறவர் சொல்வதை எவ்வளவு தூரம் கேட்பது? வன்னியிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து போனில் விளையாடுகிற ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு சின்னக் குளம், அதன் கீழே நாற்பது ஏக்கர் வயல், காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு நெற்செய்கைக் காலமும் மாறி மாறி வரும், தண்ணீரை எப்போது எவ்வளவு திறப்பது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும், இரவில் யானை வரும். விளையாட்டு இவ்வளவுதான். கடந்த இரண்டு வருடத்தில் தருமபுரம், முள்ளியவளை, துணுக்காய்ப் பக்கம் என்று ஏறக்குறைய நாற்பது பேரிடம் கொடுத்து விளையாடச் சொல்லிப் பார்த்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களும் விளையாடினார்கள். அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் படிக்கிற தம்பி தங்கச்சிமார் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நானே நூறு தடவை விளையாடிப் பார்த்துவிட்டேன். மற்றவர்களிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

நூறு தடவை விளையாடியதுதான் காரணம். எந்த இடத்தில் அமத்த வேண்டும், எது ஆபத்து, எது சும்மா படம் என்று உங்கள் விரலுக்கே தெரியும். முதல் தடவை தொடுகிறவருக்கு அது எப்படித் தெரிகிறது என்பதை இனி நீங்கள் உணரவே முடியாது.

1998இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டை வால்வ் நிறுவனம் செய்தபோது, வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து விளையாட விட்டு, செய்தவர்கள் பின்னால் இருந்து குறிப்பு மட்டும் எழுதினார்கள். வாய் திறந்து உதவி சொல்லக் கூடாது என்பது விதி. தாங்கள் 'இது எல்லாருக்கும் விளங்கும்' என்று நினைத்த இடத்தில் ஒருவர் இருபது நிமிடம் தடுமாறுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களே பிறகு எழுதியிருக்கிறார்கள்.

எங்களுக்கு அது தருமபுரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் நடந்தது. ஒன்பது வயதுப் பையன். குளத்தின் துருசுக்கு, அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற கதவுக்கு, நாங்கள் ஒரு சக்கரப் படம் வைத்து, அதற்குக் கீழே 'திற' என்று ஒரு பொத்தானும் வைத்திருந்தோம். அவன் பொத்தானைப் பார்க்கவே இல்லை. பெருவிரலைச் சக்கரத்தின் மேல் வைத்து வட்டமாகச் சுற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அமத்திச் சுற்றினான், போனையே சரித்துச் சுற்றினான். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே. அவனுடைய அப்பப்பா துருசுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் திறப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறு என்ன செய்வான்? கடைசியில் நாங்கள் கொடுத்த தாளில் 'சூப்பர்' என்று எழுதித் தந்தான். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் எங்களுக்கு எதுவுமே தெரிய வந்திருக்காது. இப்போது விளையாட்டில் சக்கரத்தைச் சுற்றித்தான் தண்ணீர் திறக்க வேண்டும், எல்லாருக்கும் அதுதான் மிகவும் பிடித்த பகுதியும்கூட.

யாரிடம் கேட்டாலும் "நல்லாயிருக்கு தம்பி" என்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை. என்ன செய்வது?

எங்கள் ஊரில் இதுதான் பெரிய சிக்கல். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தேத்தண்ணி வரும், பிறகு "ஆற்ற மகன் நீங்கள்?" என்ற கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு உங்கள் வேலையில் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. எங்கள் பெடியன் ஒருவன் ஏதோ முயற்சி செய்கிறான், அவனை ஏன் மனம் நோகச் செய்வான் என்று நினைக்கிறார்கள். அந்த அன்பு பெறுமதியானது. ஆனால் அதை வைத்து விளையாட்டைத் திருத்த முடியாது.

எங்களுக்கு உதவிய வழிகள் இரண்டு மூன்று இருக்கின்றன. ஒன்று, உங்களைத் தெரியாத ஊருக்கு உங்கள் குழுவில் வேறு ஒருவரை அனுப்புங்கள், அவரும் போனவுடன் "பிழை பிடிக்கத்தான் வந்தனாங்கள், எத்தனை பிழை சொல்லுறியளோ அவ்வளவு உதவி" என்று தொடங்கட்டும். இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது: விளையாடி முடித்த பிள்ளையிடம் "இப்ப தங்கச்சிக்குச் சொல்லிக் குடு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அண்ணன் எதை முதலில் சொல்கிறான், எதைப் பிழையாகச் சொல்கிறான், எந்த இடத்தில் "அது என்னெண்டு தெரியேல்லை, விடு" என்று தாண்டிப் போகிறான் என்று கேட்டாலே போதும். அந்த 'விடு' என்ற சொல் வந்த இடங்களை எல்லாம் நாங்கள் எழுதிவைத்தோம். அப்புறம், மறுநாள் யாரும் சொல்லாமல் தானாகத் திரும்பத் திறந்தார்களா என்று பாருங்கள்.

அப்போ என்ன கேள்விதான் கேட்பது?

'பிடிச்சிருக்கா' என்று கேட்காதீர்கள். "இப்ப என்ன நடக்குது என்று நினைக்கிறியள்?", "அடுத்தது என்ன செய்யப் போறியள்?", "எந்த இடத்தில வைச்சிட்டுப் போகலாம் போல இருந்தது?" இந்த மூன்றும் போதும். கேட்ட பிறகு பதிலுக்குக் காத்திருங்கள், இடையில் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எந்தப் பொத்தான் விளங்கவில்லை, எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் காணும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பயன்பாட்டுப் பிழைகளில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார், அது இன்றைக்கும் பலர் பின்பற்றுகிற கணக்கு. ஐந்து பேரிடம் கொடுங்கள், திருத்துங்கள், பிறகு வேறு ஐந்து பேரிடம் கொடுங்கள். ஆனால் அந்த ஐவரும் ஒரே வகை ஆட்கள் என்றால்தான் அந்தக் கணக்கு நிற்கும். பத்து வயதுப் பிள்ளைகளும் ஐம்பது வயது கமக்காரரும் விளையாடுகிற ஒன்றென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக ஆட்கள் வேண்டும். விளையாட்டு சுவாரசியமா, கடினம் அளவாக இருக்கிறதா என்பதை ஐந்து பேரை வைத்துச் சொல்லவே முடியாது.

இன்னொரு எண்ணும் உங்களுக்குத் தேவைப்படும். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், விளையாட்டை எல்லாருக்கும் வெளியிடும் முன், அழைத்தவர்கள் மட்டும் விளையாடுகிற மூடிய சோதனை ஒன்றை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள், பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் 14 நாள் தொடர்ச்சியாகச் சோதனையில் இருக்க வேண்டும். பலர் சொந்தக்காரர் பன்னிரண்டு பேரின் மின்னஞ்சலைச் சேர்த்து அந்தக் கட்டத்தைக் கடந்துவிடுகிறார்கள். அது அனுமதியை வாங்கித் தரும், விளையாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லித் தராது. எப்படியும் பன்னிரண்டு பேரைத் தேடத்தான் போகிறீர்கள், அதில் ஆறு பேராவது உங்களைத் தெரியாதவர்களாக இருக்கட்டும்.

அவர்கள் சொன்னதை எல்லாம் செய்ய வேண்டுமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2016இல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் பேசும்போது, விளையாடுகிறவர்கள் குறையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர், அதைத் தீர்க்கும் வழியைச் சொல்வதில் அவ்வளவு இல்லை என்ற பொருளில் ஒன்று சொன்னார். நோயாளிக்கு எங்கே நோகிறது என்பது நோயாளிக்குத்தான் தெரியும், அதில் அவரோடு வாதாடக் கூடாது. எந்த மருந்து என்பதை நீங்கள்தான் தேட வேண்டும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். சிறுபோகத்தில் தண்ணீர் காணாது, குளத்தைப் பெரிதாக்குங்கள் என்று பதினொரு பேர் சொன்னார்கள். பதினொரு பேர் ஒரே குரலில் சொன்னால் செய்துவிடத்தான் மனம் வரும். எங்களில் ஒருவர் குளத்தைப் பெரிதாக்கியும் பார்த்தார், விளையாட்டு உயிரில்லாமல் போய்விட்டது, ஏனென்றால் தண்ணீர் தாராளமாக இருந்தால் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. பிறகு அந்தப் பதினொரு பேரில் நாலு பேர் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து திரும்பப் பார்த்தோம். குளத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நீல நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், மத்தியான வெயிலில் போன் திரையில் அது கண்ணுக்கே படாது, திடீரென்று ஒரு நாள் துருசைத் திறந்தால் தண்ணீர் வராது. கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவைப் பற்றிக் கதைக்கும்போது இங்கே எல்லாரும் கேட்கிற கேள்வி "இப்ப எத்தினை அடி நிக்குது?" என்பதுதான். அடிக்கணக்கு எழுதிய ஒரு கம்பத்தைக் குளத்துக்குள் நட்டோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூட்டவில்லை. அதற்குப் பிறகு 'தண்ணீர் காணாது' என்று யாரும் முறைப்படவில்லை, "நான் பிழையா திறந்திட்டன்" என்றுதான் சொன்னார்கள்.

யானை நாலு இரவுக்கு ஒரு தடவை வருகிற மாதிரித்தான் கணக்கு வைத்திருக்கிறோம். ஆனால் "ஒவ்வொரு நாளும் வருது, ஏமாத்திறியள்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்தானே?

கணக்கு சரி. அவர்களுடைய உணர்வும் சரி. சிவிலைசேஷன் விளையாட்டுகளைச் செய்த சிட் மையர் 2010இல் இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தோடு போருக்குப் போனவர்கள் தோற்றால் விளையாட்டில் பிழை என்று கோபப்பட்டார்கள். நாலில் ஒரு தடவை தோற்பதுதான் கணக்கு, ஆனால் அவர்கள் மனதில் மூன்றுக்கு ஒன்று என்றால் நிச்சய வெற்றி. அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தில் வென்றபோது யாரும் முறைப்பாடு சொல்லவில்லை. கடைசியில் அவர் கணக்கை விட்டுவிட்டு மனிதரின் உணர்வுக்கு ஏற்றபடி விளையாட்டை மாற்றினார்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். அடுத்தடுத்து இரண்டு இரவு யானை வந்தால், பிறகு மூன்று இரவு வராது. கணக்கில் சராசரி ஏறக்குறைய முன்பு போலவே. அப்புறம் வருவதற்கு முதல் காட்டுக் கரையில் கிளை முறிகிற சத்தம் கேட்கும். இப்போது யானை வந்தால் ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை, காவலுக்குப் போகாமல் நித்திரை கொண்டதற்குத் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள்.

இதே மாதிரி இன்னொன்று. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டைச் சோதித்த காலத்தில், நீண்ட நேரம் விளையாடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்தார்கள், ஆட்களுக்கு அறவே பிடிக்கவில்லை. அதே எண்களை வைத்துக்கொண்டு, குறைந்த அளவைச் 'சாதாரணம்' என்றும், முன்பிருந்த அளவை 'ஓய்வெடுத்து வந்ததற்கு இரட்டிப்பு' என்றும் பெயர் மாற்றினார்கள். சந்தோசமாக ஏற்றுக்கொண்டார்கள். முறைப்பாடு வந்தவுடன் எண்ணில் கை வைக்காமல், நீங்கள் அதைச் சொல்கிற விதத்தை முதலில் பாருங்கள்.

விசயம் தெரிந்த பெரியவர்களிடம் காட்டினால் விளையாட்டையே மாற்றச் சொல்கிறார்கள். அவர்களுக்கு விளையாடவும் தெரியாது. கேட்கலாமா?

கட்டாயம் காட்டுங்கள். முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு ஐயா, கமக்காரர் அமைப்பில் பல வருடம் இருந்தவர், போனைத் தொடவே இல்லை, பேரன் விளையாட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் கேட்டார்: "காலபோகத்துக்கு மழை வருமெல்லே, நீங்கள் ஏன் தம்பி முதல் நாளே துருசைத் திறக்கிறியள்?" எங்களுக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. இரண்டு போகத்தையும் ஒரே விதமாகச் செய்து, நிறத்தை மட்டும் மாற்றி வைத்திருந்தோம். காலபோகம் வடகீழ்ப் பருவமழையை நம்பிச் செய்வது, குளம் துணைக்கு. சிறுபோகம் குளத்தில் நிற்கிற தண்ணீரை நம்பிச் செய்வது, அதனால்தான் எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுக்கிறார்கள். அவர் கேட்ட ஒரு கேள்வியால் எங்கள் விளையாட்டு இரண்டு வேறு விளையாட்டாகப் பிரிந்தது: ஒன்றில் வானத்தைப் பார்க்க வேண்டும், மற்றதில் அடிக்கம்பத்தைப் பார்க்க வேண்டும்.

அதே ஐயா பசளை, விதைநெல் வகை, மருந்தடிக்கிற நாள், அறுவடை மெசின் வாடகை எல்லாம் சேர்க்கச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் எதையும் சேர்க்கவில்லை. அவருக்கு உலகம் எப்படி இயங்குகிறது என்று தெரியும், அதைத் தாருங்கள் என்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை பஸ்சுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் எவ்வளவு தாங்கும் என்பது அவருடைய வேலை இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்கள் ஒன்று கேட்கிறார்கள், இங்கே இருக்கிற பிள்ளைகள் வேறொன்று கேட்கிறார்கள். யாருக்காகச் செய்வது?

முதலில் இதை உங்கள் குழு முடிவெடுக்க வேண்டும், கருத்துக் கேட்கப் போவதற்கு முன்பே. முடிவெடுக்காமல் போனால் கடைசியாகக் கதைத்தவருடைய விளையாட்டாக அது மாறிக்கொண்டே இருக்கும்.

ரொறன்ரோவில் இருக்கிற மாமா ஒருவர் ஏர் பூட்டிய மாடு வேண்டும் என்று கேட்டார். அவர் நாட்டை விட்டுப் போகும்போது கண்ட வயல் அது, அதைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. இங்கே விளையாடிய பிள்ளைகள் வயலில் கண்டது லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு மெசின். அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் சிரித்தார்கள். நாங்கள் இங்கே இருக்கிற பிள்ளைகளுக்காக என்று முடிவெடுத்திருந்தபடியால் லான்ட்மாஸ்டர் நின்றது. மாமாவிடம் காரணத்தை நேரே சொன்னோம், விளங்கிக்கொண்டார்.

வெளிநாட்டில் நல்ல போன், நல்ல இணையம், ஆகவே அங்கிருந்து வருகிற கருத்துகள் நீளமாகவும் தெளிவாகவும் இருக்கும், ஐந்து நட்சத்திரமும் வரும். இங்கே அதே விளையாட்டு விக்கி விக்கி ஓடும். 2021 நவம்பரிலிருந்து கூகுள் பிளே ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த நாட்டவர் கொடுத்த மதிப்பீட்டையே காட்டுகிறது. கனடாவின் நட்சத்திரங்கள் கிளிநொச்சியில் தேடுகிற பிள்ளைக்குத் தெரியாது, ஆகையால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேட்பதைவிட, போனே தகவல் அனுப்பினால் நல்லதுதானே?

நல்லதுதான், ஓரளவுக்கு. ஸ்லே த ஸ்பயர் என்ற சீட்டு விளையாட்டைச் செய்த மெகா கிரிட் குழுவினர் 2017 நவம்பரிலிருந்து 2019 ஜனவரி வரை முழுமையடையாத விளையாட்டை விற்றுக்கொண்டே, எந்தச் சீட்டை ஆட்கள் எடுக்கிறார்கள், எதை எடுத்தவர்கள் வெல்கிறார்கள் என்று தகவல் சேர்த்து அடிக்கடி திருத்தினார்கள். ஆயிரக்கணக்கானோர் விளையாடும்போது அது பெரிய பலம்.

எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு தடை. டேட்டா காசு கொடுத்து வாங்குகிறார்கள், கேட்காமல் அதை நாம் செலவழிக்கக் கூடாது. நாங்கள் வைஃபை இருந்தால் மட்டும், அதுவும் சம்மதம் கேட்டுத்தான் அனுப்புகிறோம். மற்றது, ஒரு வீட்டில் ஒரு போன். எங்கள் பதிவில் ஒரு 'ஆள்' காலையில் மிகக் கவனமாக விளையாடி, பின்னேரம் எல்லாத் தண்ணீரையும் திறந்துவிட்டார். போய்ப் பார்த்தால் அக்காவும் தம்பியும். இன்னொரு வீட்டில் அறுவடைப் பொத்தானை யாருமே அமத்தவில்லை என்று பதிவு காட்டியது, அந்தப் போனில் திரையின் வலது மேல்மூலை உடைந்து தொடுகை வேலை செய்யவில்லை. பொத்தானைக் கீழே நடுவில் கொண்டுவந்தோம். என்ன நடந்தது என்று தகவல் சொல்லும். ஏன் என்று அறிய வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

நாற்பது பேரில் ஒரே ஒருவர் மட்டும் ஒன்றைச் சொன்னால் அதைக் கணக்கில் எடுப்பதா?

எண்ணிப் பார்ப்பது எல்லா இடத்திலும் உதவாது.

யானையைக் கலைக்க யானை வெடி கொளுத்துகிற ஒரு கட்டம் வைத்திருந்தோம். சத்தம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நல்ல ஒலிப்பதிவாகத் தேடிப் போட்டோம். பிள்ளைகள் எல்லாருக்கும் அது பிடித்தது. முள்ளியவளைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள், அம்மா குசினிக்குள் இருந்தார். வெடி கேட்டது. அம்மா வெளியே வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கேலாதே தம்பி" என்று மட்டும் கேட்டார். அவர் விளையாடுகிறவரும் இல்லை, எங்கள் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. 2009ஐக் கடந்து வந்த வீடுகளுக்குள் நாங்கள் எதைக் கொண்டுபோகிறோம் என்று அதுவரை நாங்கள் யோசிக்கவில்லை, நாங்களும் அதே இடத்திலிருந்து வந்தவர்களாக இருந்தும்.

அன்றிரவே எடுத்துவிட்டோம். இப்போது தகரம் தட்டுகிற சத்தமும் ஆட்கள் கூவுகிற சத்தமும்தான் இருக்கிறது. வெடி இருந்தபோது நன்றாக இருந்தது என்று நிறையப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். அது திரும்ப வராது.

கதையின் முடிவையே மாற்றச் சொன்னால்?

2012 மார்ச்சில் மாஸ் எஃபெக்ட் 3 என்ற கதை விளையாட்டு வந்தபோது முடிவு பிடிக்கவில்லை என்று பெரிய எதிர்ப்பு வந்தது. ஜூனில் முடிவை விரித்துச் சொல்கிற இலவச இணைப்பு ஒன்றை வெளியிட்டார்கள், அடிப்படை முடிவை மாற்றவில்லை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. எங்கள் விளையாட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு வருடம் மழை பொய்த்து வயல் காயும். "எங்கட பிழை இல்லையே, ஏன் தோக்கிறம்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த வருடம் இருக்கத்தான் வேண்டும் என்பதில் நாங்கள் மூவரும் உறுதி. ஆனால் அது கொடூரமாகத் தெரியாமல் இருக்க, அந்த வருடத்தில் பக்கத்துக் குளத்தார் வந்து விதைநெல் தருகிற ஒரு காட்சியைச் சேர்த்தோம்.

ஃப்ரீ ஃபயர் மாதிரிச் செய்யச் சொல்கிறார்கள்.

சொல்வார்கள். அவர்கள் விளையாடுகிறது அதுதான். அதில் என்ன பிடிக்கும் என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கி இல்லை, 'சிநேகிதரோட சேந்து விளையாடலாம்' என்பதுதான். இப்போது ஒரே வாய்க்காலில் இரண்டு பேர் தண்ணீர் பங்கிடுகிற முறையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்றுமே செய்து முடிக்கவில்லை. எந்தக் கட்டத்தில் ஆட்களிடம் காட்டலாம்?

இந்தக் கிழமையே காட்டலாம். எங்களுடைய முதல் சோதனையில் கணினியே இல்லை. ஒரு காட்போட் மட்டையில் குளமும் வாய்க்காலும் கீறி, தண்ணீருக்குப் புளியங்கொட்டை வைத்தோம். விளையாடிய பிள்ளை முப்பது கொட்டையையும் முதல் மூன்று வயலுக்கே கொடுத்துவிட்டு, மிச்ச வயல்களைப் பார்த்து, கொடுத்த கொட்டைகளில் இரண்டை மெதுவாகத் திருப்பி எடுக்கக் கை நீட்டினாள். எடுக்க விடுவதா வேண்டாமா என்று நாங்கள் மூவரும் அன்றிரவு ஒரு மணி வரை கதைத்தோம்.